சட்டப் படிப்புக்கு ஏழரை லட்சம் லோன் எடுக்கலாமா?

தறிச்சத்தம்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் சங்கரன்கோவில். அப்பா கூலிக்குத் தறி ஓட்டுறாங்க, அம்மா பீடி சுத்துறாங்க. தமிழ் மீடியம், அரசு உதவிபெறும் பள்ளியில பிளஸ் டூ முடிச்சேன். அஞ்சு வருஷ பி.ஏ., எல்.எல்.பி.க்கு தேனி அரசு சட்டக் கல்லூரியில இடம் கிடைச்சிருக்கு. ஒரு தனியார் பல்கலைக்கழகத்துலயும் சீட் இருக்கு. அங்க ஹாஸ்டலோட சேர்த்து வருஷத்துக்கு 1.5 லட்சம் ஆகும். பெரிய மாமா, "பேங்க் லோன் போட்டு தனியார்லயே சேரு, வேலைக்குப் போனதும் நீயே கட்டிருவ, அங்க படிச்சாத்தான் இங்கிலீஷ் வரும்"னு ஒரே பிடியா நிக்கிறாங்க. அப்பா வாயே திறக்கல. எனக்கு கம்பெனி வேலை ஆசை இல்ல, கோர்ட்டுல நின்னு பேசணும். லோன் வாங்கினா கட்ட முடியுமா? தேனியில சேர்ந்தா மாசச் செலவு எவ்வளவு ஆகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை வக்கீலம்மா:

தங்கச்சி, மாமாவோட கணக்குல ஒரு பக்கம்தான் இருக்கு. மறுபக்கத்தை நான் போடுறேன்.

வருஷம் 1.5 லட்சம்னா அஞ்சு வருஷத்துக்கு 7.5 லட்சம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கேட்க மாட்டாங்க. ஆனா வட்டி முதல் தடவை பணம் விட்ட அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிரும். 10 சதவீதம்னு வச்சுக்கோ. தனிவட்டியாப் பார்த்தாலே 3 லட்சம் ஏறி நிக்கும். ஆக 10.5 லட்சம். அதைப் பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் 13,900 கிட்ட வரும். பதினஞ்சு வருஷமா இழுத்தாலும் 11,300.

இப்போ வரவைப் பாரு. ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில குறைஞ்சது 20,000, மத்த ஊர்கள்ல 15,000 கொடுக்கணும்னு 2024 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. நல்ல உத்தரவுதான். ஆனா மாவட்டக் கோர்ட் வளாகத்துல வேப்பமரத்தடியில நிக்கிற ஜூனியர்ல நாலு பேரைக் கூப்பிட்டு, கைக்கு எவ்வளவு வருதுன்னு நீயே கேட்டுப் பாரு. நான் ஜூனியரா இருந்தப்போ சீனியர் சனிக்கிழமை சாயங்காலம் மேஜை டிராயரை இழுப்பார். கட்சிக்காரர் கொடுத்த நோட்டுல ரெண்டை உருவி, "பஸ்ஸுக்கு வச்சுக்கோம்மா"ன்னு நீட்டுவார். தங்கமான மனுஷர், பிளெய்ன்ட், அதான் வழக்கு மனு, எழுத வரிவரியாக் கத்துக் கொடுத்தவர். சம்பளம்னு ஒண்ணு கொடுக்கணும்ங்கிறது மட்டும் அவர் நினைப்புலயே கிடையாது.

அப்படியே 15,000 வந்தாலும் தவணைக்குப் போக மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். அதுல எங்க தங்குவ, என்ன சாப்பிடுவ? படிக்கிற அஞ்சு வருஷத்தை எப்படியும் ஓட்டிரலாம். அதுக்கப்புறம் வர்ற மூணு வருஷம்தான் இந்தத் தொழில்ல பலபேரைப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்புது. கோர்ட்டுல நிக்கணும்னு ஆசைப்படுறவ தலையில கடன் இல்லாம வெளிய வரணும். தேனிக்கே போ.

கம்பெனி வேலைதான் வேணும்னா பேச்சே வேற. திருச்சியில இருக்கிற தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மாதிரி இடத்துக்கு கிளாட்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதிப் போறவங்க கணக்கு தனி. தனியார்னு போர்டு மாட்டிட்டா கம்பெனிக்காரன் வந்துருவானா? போன வருஷம் யார் யாரை எந்தக் கம்பெனி எடுத்துச்சுன்னு எழுத்துல கேளுங்கன்னு மாமாகிட்ட சொல்லு.

இங்கிலீஷ் பத்திப் பயப்படாதே. தினம் ஒரு தீர்ப்பை உரக்கப் படி. கீழ்க் கோர்ட்டுல சாட்சி விசாரணையே பெரும்பாலும் தமிழ்லதான் நடக்குது.

ஓய்வு பெற்ற மேனேஜர்:

வக்கீலம்மா சொன்னது சரி. பேங்க் பக்கத்துல இருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். பாப்பா, லோன்னா மொத்தப் பீஸுக்கும்தான் வாங்கணும்னு இல்லை. அரசுக் கல்லூரியில சேர்ந்தாலும் விடுதி, புத்தகம், லேப்டாப்புக்குன்னு சின்னதா வாங்கலாம். 4 லட்சம் வரை நம்ம கைப்பணம் போட வேண்டியதில்லை. அதுக்கு மேல 5 சதவீதம் நாம போடணும். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரரா கையெழுத்துப் போட்டாப் போதும்.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, தவணை ஆரம்பிக்கிற வரைக்கும் உள்ள வட்டியை மத்திய அரசே கட்டுற திட்டம் ஒண்ணு இருக்கு. அது எல்லாக் கல்லூரிக்கும் வராது, கல்லூரிகளோட தரத்தைப் பார்க்கிற நாக் அமைப்போட அங்கீகாரம் இருக்கான்னு பார்ப்பாங்க. மெரிட் சீட்டையும் மேனேஜ்மென்ட் சீட்டையும் பேங்க்ல ஒரே கண்ணால பார்க்க மாட்டாங்க. விண்ணப்பம் கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி போர்ட்டல்ல போடுங்க. கிளையில வாய்மொழியா "இப்போ லோன் இல்லை"ன்னு சொல்லி அனுப்பினா, காரணத்தை எழுதிக் கேளுங்க. அப்படிச் சொன்ன ஆபீசர்கள்ல பாதி பேருக்கு அங்கேயே குரல் இறங்கிரும்.

மூணாம் வருஷம்:

நானும் அரசு சட்டக் கல்லூரிதான், ஊர் வேற. பீஸ் வருஷத்துக்குச் சில ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிரும். அரசு நலத்துறை விடுதியில இடம் கிடைச்சா தங்கறதும் சாப்பாடும் இலவசம். அதனால அட்மிஷன் போட்ட கையோட விடுதிக்கு எழுதிக் கொடு. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூணையும் இப்பவே இ-சேவையில போட்டு வச்சிரு. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 உன் அக்கவுண்டுக்கு வரும். உதவிபெறும் தமிழ் மீடியம் பள்ளிக்கும் இப்போ உண்டு. எனக்கு விடுதி போக ஜெராக்ஸ், ரீசார்ஜ், டீ, ஊருக்குப் போய் வர எல்லாம் சேர்த்து 2,500க்குள்ள அடங்குது. டீயைக் குறைச்சா இன்னும் குறையும், ஆனா குறைக்க மாட்டேன்.

பழைய புத்தகம் வாங்குறப்போ கவனம். 2024 ஜூலை 1ல இருந்து ஐ.பி.சி.ங்கிற தண்டனைச் சட்டம், சி.ஆர்.பி.சி.ங்கிற குற்ற விசாரணை முறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூணும் போய் புதுச் சட்டம் வந்திருச்சு. "பாதி விலைக்குத் தர்றேன்"னு சீனியர்ங்க தள்ளி விடப் பார்க்கிறது அந்தக் கட்டைத்தான். புதுக் கேஸுக்கு உனக்குப் புதுசுதான் வேணும். ஒப்பந்தச் சட்டம் 1872லயே நிக்குது, சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882. அதையெல்லாம் தைரியமா பழசுல வாங்கு, திருத்தம் எதுவரைக்கும்னு மட்டும் பார்த்துக்கோ. வெறும் சட்ட வாசகம் இந்தியா கோடு தளத்துல இலவசமாவே கிடைக்குது.

பார்ட் டைம் வேலைன்னு தினமும் ஓடாதே. 70 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும்னு விதி இருக்கு. லீவுல தமிழ் டைப்பிங்ல லோயர் கிரேடு பரீட்சை முடிச்சிரு. பத்திர எழுத்தர் ஆபீஸ்ல பக்கத்துக்கு இவ்வளவுன்னு அடிச்சுக் கொடுக்கலாம். பத்திரம் படிக்கவும் பழகிரும்.

தறிச்சத்தம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வக்கீலம்மா போட்ட கணக்கை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "பத்து வருஷமா?"ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டாங்க. தேனின்னு முடிவாயிருச்சு. மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம். இன்னொண்ணு மட்டும் கேக்குறேன்: புதுமைப் பெண் பணத்துல பாதியைச் சேர்த்து வைக்கலாம்னு இருக்கேன். அம்மா தெருவுல நடக்கிற சீட்டுல போடச் சொல்றாங்க. போடலாமாக்கா?

பாளை வக்கீலம்மா:

சீட்டு வேண்டாம். பதிவு பண்ணாத சீட்டுல பணம் முங்கிப்போய் எங்க ஆபீஸ் படியேறி வர்றவங்களை வாரம் தவறாமப் பார்க்கிறேன். போஸ்ட் ஆபீஸ்ல ஆர்.டி., அதான் மாசாமாசம் கட்டுற சேமிப்பு, போடு. சரியா அஞ்சு வருஷக் கணக்கு, உன் படிப்போட முடியும். இப்போ வட்டி 6.7 சதவீதம். மாசம் 500 கட்டினா முடிவுல 35,000 தாண்டும்.

அது எதுக்குன்னும் சொல்லிடுறேன். படிப்பு முடிஞ்சு வக்கீலாப் பதிவு பண்ற பார் கவுன்சில்ல பதிவுக் கட்டணம் 750க்கு மேல, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125க்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2024 ஜூலையில உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு, அது பெரிய நிம்மதி. அதுக்கப்புறம் வக்கீல் தொழில் பண்ண எழுதுற அகில இந்திய பார் தேர்வுக்கு 3,500, எஸ்.சி., எஸ்.டி.க்கு 2,500. கோட்டு, கவுன், பேண்ட் தனி. மிச்சத்துல ஊருக்கு வெளிய ரூம் எடுத்தா மூணு நாலு மாச வாடகை தாங்கும்.

கணக்கை உன் பேர்லயே தொடங்கு. தேனிக்குப் போயிட்டா மாசாமாசம் கட்டச் சங்கரன்கோவில் வர முடியாது, அதனால சேமிப்புக் கணக்கும் அங்கேயே தொடங்கி அதுல இருந்து தானா எடுத்துக்கிற மாதிரி எழுதிக் கொடுத்திரு.