பழைய என்ஜினும் ஆயிலும்: அம்பாசடர், ஹெரால்டு வைத்திருப்போரின் அனுபவப் பகிர்வு

அம்பி1489

மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். மே மாத வெயிலில் சிக்னலில் நின்றால் ஆயில் லைட் மினுக்குகிறது. வண்டி நகர்ந்ததும் அணைந்துவிடுகிறது. டிப்ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டில். நீலப் புகை இல்லை. சேம்பரில், அதாவது என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில், இருப்பது 10டபிள்யூ30 ஆயில். இதே குறையோடு வரும் வண்டிகளில் எதை எந்த வரிசையில் பார்ப்பீர்கள், கடைசியில் எந்த ஆயிலில் சரியாகும் என்று அளவுகளோடு எழுதுங்கள். "கெட்டியா ஊத்துங்க" என்ற ஒற்றை வரி பதில் வேண்டாம்.

மூன்றுபேரிங்

அண்ணே, ஆயிலை மாற்றும் முன் அந்த லைட் சொல்வது உண்மைதானா என்று பாருங்கள். லைட்டை எரியவைக்கும் பிரஷர் ஸ்விட்ச் பழசானால் தானே பொய் சொல்லும். ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். இருபது நிமிடம் ஓட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் அளவெடுக்க வேண்டும். அம்பாசடரின் இந்த பி-சீரீஸ் வகை என்ஜினில் ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ. பக்கம் நிற்க வேண்டும். சூட்டில் ஐட்லிங்கில் 15 இருந்தால் நிம்மதி. 10-க்குக் கீழே இறங்கினால் லைட் சொல்வது நிஜம்.

அடுத்து டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். அளவு மேல் கோட்டில் நிற்கிறது என்கிறீர்கள். ஆயில் ஊற்றாமலேயே அது அங்கே நிற்கிறதா? என்ஜின் பிளாக்கில் பொருத்திய பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்தால் பெட்ரோல் நேராகச் சேம்பரில் இறங்கும். ஆயில் குறையாமல் ஏறுவதுபோலத் தெரியும், பிரஷர் மட்டும் விழும். அந்த நிலையில் எந்த ஆயில் ஊற்றினாலும் ஒரு வாரத்தில் தண்ணீராகிவிடும். பேரிங்கும் போய்விடும்.

மூன்றாவது, ரிலீஃப் வால்வு, அதாவது மிஞ்சிய பிரஷரைச் சேம்பருக்குத் திருப்பிவிடும் வால்வு. பிளாக்கின் பின்பக்க ஓரத்தில் குமிழ் தலை நட் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் ஒரு ஸ்பிரிங்கும் கிண்ணம் போன்ற ஒரு பிளஞ்சரும் வரும். பிளஞ்சர் உட்காரும் முகத்தில் மணல் அளவு துகள் சிக்கினாலே போதும், ஆயில் பேரிங்குக்குப் போகாமல் சேம்பருக்கே திரும்பிவிடும். பெட்ரோலில் கழுவி, முகத்தில் கோடு விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் பிளஞ்சரை மாற்றுங்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் சொருகிப் பிரஷரை ஏற்றிக் காட்டுவது வேண்டாம். அது கேஜுக்குச் செய்யும் வைத்தியம்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் ஆயில் கிரேடைப் பற்றிப் பேச அர்த்தம் உண்டு.

சென்டிஸ்டோக்ஸ்

கிரேடு பற்றி நான் சொல்கிறேன். "டபிள்யூ"வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. 20டபிள்யூ என்பதையே மைனஸ் 15 டிகிரியில்தான் சோதிக்கிறார்கள். சென்னைக்கு அந்த எண் பொருட்டே இல்லை. ஊட்டியில் டிசம்பர் விடியற்காலைக்கும் 20டபிள்யூ தாராளம். நமக்கு உயிர் இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

எஸ்.ஏ.இ. அளவுப்படி 100 டிகிரி சூட்டில் 30 கிரேடின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையை அளக்கும் அலகு) வரை. 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை. 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. தேய்ந்த மெயின் பேரிங்கில், அதாவது கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கில், இடைவெளி கூடியிருக்கும்போது 30 கிரேடு ஒழுகிப் போய்விடும். உங்கள் லைட் மினுக்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இந்த என்ஜினுக்கு 20டபிள்யூ50 அல்லது 15டபிள்யூ50 போடுங்கள். அண்மையில் ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து), கிராங்க் கிரைண்டிங் முடித்த இறுக்கமான என்ஜின் என்றால் 20டபிள்யூ40 போதும்.

அடுத்தது இசட்.டி.டி.பி., அதாவது துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்பு மருந்து. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கிறது என்பதால் ஏ.பி.ஐ. (அமெரிக்க ஆயில் தர அமைப்பு) வகுத்த எஸ்.எம். தரம் தொடங்கி பாஸ்பரஸுக்கு 800 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 800 பங்கு) உச்சவரம்பு வந்தது. "அதற்குப் பின் வந்த எஸ்.என். தரம் என்று போட்டிருந்தால் பழைய காருக்கு விஷம்" என்று பலரும் பரப்புகிறார்கள். அந்த வரம்பு 5டபிள்யூ30, 10டபிள்யூ30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்குத்தான். 20டபிள்யூ50-க்கு அது பொருந்தாது. எனவே டப்பாவில் உள்ள எழுத்தைப் பார்த்துப் பயப்படாமல், அந்த ஆயிலின் டெக்னிக்கல் டேட்டா ஷீட்டை இறக்கிப் பாஸ்பரஸ் அளவைப் படியுங்கள். 1000 முதல் 1400 வரை இருந்தால் இந்த என்ஜினுக்கு நல்லது.

ஷீட்டில் அந்த வரியே இல்லாவிட்டால் ஒரு குறுக்கு வழி உண்டு. புல்லட்டுக்கு என்று விற்கும் 15டபிள்யூ50 டப்பாவில் ஜாசோ எம்.ஏ.2 (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரம்) முத்திரை இருக்கும். அந்தத் தரத்துக்குப் பாஸ்பரஸ் 800-க்குக் கீழே போகக் கூடாது, 1200-க்கு மேலும் போகக் கூடாது. மூலைக்கடையிலும் கிடைக்கும். டீசல் ஆயிலில் போவதென்றால் ஏ.பி.ஐ.-யின் டீசல் தரமான சி.ஐ.-4 உள்ள 15டபிள்யூ40. அதிலும் சி.ஐ.-4/எஸ்.எல். என டீசல் தரம், பெட்ரோல் தரம் இரண்டும் சேர்த்து அச்சிட்டிருப்பதை எடுங்கள்.

தனி பாட்டிலில் வரும் துத்தநாக மருந்தை இவற்றின் மேல் ஊற்றாதீர்கள். ஆயில் கம்பெனி ஒரு கணக்கில் சேர்த்த மருந்துகளுக்கு நடுவே நாம் கைபோட்டால், அளவு மீறி உலோகத்தையே அரிக்கத் தொடங்கும்.

டேப்பட்சத்தம்

இசட்.டி.டி.பி. எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது வெறும் எண்ணாகவே நிற்கும். வால்வுகளைத் திறக்கும் தண்டுதான் கேம், அதில் உள்ள மேடுகள் லோப். இந்த என்ஜினில் கேம் மேல் உருளை கிடையாது. தட்டை டேப்பட் நேராக உரசுகிறது. கேம் லோப் லேசான சரிவோடும், டேப்பட்டின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்தும் இருப்பதால், ஒவ்வொரு அடிக்கும் டேப்பட் கொஞ்சம் சுழலும். அந்தச் சுழற்சி இருக்கும்வரை தேய்மானம் பரவும். பூச்சு போய் அடிப்பாகம் தட்டையானால் டேப்பட் நின்றுவிடும். பிறகு ஒரே இடத்தில் உரசி, லோபின் மூக்கை மழித்துவிடும்.

அதைக் கண்டுபிடிப்பது எளிது. டேப்பட் இடைவெளியை 15 தவ் (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மி.மீ. வைத்துவிட்டு 500 கி.மீ. கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஏழு வால்வு அப்படியே இருந்து ஒன்று மட்டும் 20, 22 என்று விரிந்திருந்தால் அந்த லோப் கரைகிறது. மறுபடி மறுபடி இறுக்கிச் சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டு ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். கரைந்த இரும்புத்தூள் ஆயில் வழியாகப் பேரிங்குக்குப் போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். டேப்பட் இடைவெளி வைக்கும்போது ஒன்பது கணக்கு வையுங்கள்: 8-ஆம் வால்வு முழுதாக அமுங்கி இருக்கும்போது 1-ஐச் சரிசெய்யுங்கள், 6 அமுங்கினால் 3, 5 அமுங்கினால் 4. கூட்டினால் எப்போதும் ஒன்பது.

ஒரு வசதி உண்டு. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள இரண்டு மூடிகளைத் திறந்து, புஷ் ராடை உருவிவிட்டால் டேப்பட்டைக் கையாலேயே எடுக்கலாம். அடிப்பாகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் வட்ட வட்டமாக மெருகு இருந்தால் அது சுழன்றிருக்கிறது. ஒரு பக்கமாகக் கோடு, அல்லது அம்மைத் தழும்பு போல் குழி இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பழைய டேப்பட்டைப் புதுக் கேமில் போடாதீர்கள். எந்த டேப்பட் எந்தத் துளையில் இருந்தது என்று எண் போட்டு வைக்காமல் கழற்றவும் கூடாது.

புதுக் கேம் போட்டால் அசெம்ப்ளி பேஸ்ட் தடவி, முதல் ஸ்டார்ட்டிலேயே 2000 ஆர்.பி.எம்.-க்கு ஏற்றி இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். ஐட்லிங்கில் விடக் கூடாது. லோபுக்கு ஆயில் போவது பெரும்பாலும் கிராங்க் வாரியடிப்பதில்தான். அந்த ஆயிலைச் சூட்டோடு வடித்துவிட்டு, அடுத்ததை 500 கி.மீ.-யில் மாற்றுங்கள்.

அம்பி1489

மோந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை இருக்கிறது. பம்பைக் கழற்றப்போகிறேன். ஆயில் எப்படியும் மாற்ற வேண்டும். எத்தனை லிட்டர்? முன்பு ஒரு பட்டறையில் கெரசின் ஊற்றி ஃப்ளஷ் செய்ததாகக் குறிப்பு இருக்கிறது. அதைச் செய்யலாமா?

மூன்றுபேரிங்

கெரசின் வேண்டவே வேண்டாம். எவ்வளவு வடித்தாலும் கேலரியிலும் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழிகள்) சேம்பர் அடியிலும் கொஞ்சம் தங்கும், புது ஆயிலை முதல் நாளே நீர்க்கவைக்கும். அதைவிட மோசம், பல வருடக் கசடை ஒரே மூச்சில் கட்டி கட்டியாகப் பெயர்த்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் உள்ள பிக்கப் ஜாலியில் கொண்டுபோய் அடைக்கும். கசடு அதிகம் என்று தெரிந்தால் சேம்பரைக் கழற்றி ஜாலியைக் கையால் கழுவுவதுதான் நேர் வழி. முடியாவிட்டால் புது ஆயிலை 500 கி.மீ.-யில் ஒரு தடவை, 1000-இல் ஒரு தடவை ஃபில்டரோடு மாற்றுங்கள். புது ஆயிலில் உள்ள டிடர்ஜென்டே மெதுவாகக் கழுவிவிடும்.

ஃபில்டரோடு சேர்த்து ஏறத்தாழ நாலரை லிட்டர். முதலில் நாலு ஊற்றி, ஸ்டார்ட் செய்து நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை விடுங்கள். சூடாக இருக்கும்போது வடியுங்கள், பத்து நிமிடம் சொட்டட்டும். டிரெயின் பிளக் வாஷரை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள்.

உங்களுடையது கிண்ணம் வகை ஃபில்டர் என்றால் கவனம் ரப்பர் வளையத்தில் இருக்கட்டும். பழைய வளையம் மேலே உள்ள பள்ளத்தில் கருப்பாக ஒட்டிக்கொண்டு, அதுவும் இரும்பு போலவே தெரியும். அதன் மேல் புதிதை வைத்து இறுக்கினால் ஸ்டார்ட் செய்த நொடியில் ஆயில் பீய்ச்சும். ஒரு ஊசியால் பள்ளத்தைச் சுற்றிக் கிளறி, பழையது வந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கிண்ணத்துக்குள் ஸ்பிரிங், வாஷர், ஃபெல்ட் எந்த வரிசையில் வந்தன என்று கழற்றும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெல்ட் இல்லாவிட்டால் ஆயில் ஃபில்டரைத் தொடாமலே சுற்றிவிடும், வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

மாட்டி முடித்ததும் காயிலின் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு, பத்து விநாடி வீதம் ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பிரஷர் வந்த பிறகு ஒயரை மாட்டுங்கள். ஆயில் பம்பையே கழற்றியிருந்தால் அதன் உள்ளே வாஸ்லைன் அடைத்து மாட்ட வேண்டும். காற்று பிடித்துக்கொண்டால் எவ்வளவு சுற்றினாலும் இழுக்காது.

சென்டிஸ்டோக்ஸ்

பம்ப் டயாஃப்ரம் வாங்கும்போது எத்தனாலுக்குத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். இப்போது பங்க்கில் வருவது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி மெத்தென்று ஆகிக் கிழியும். பெட்ரோல் ஹோஸையும் கையோடு மாற்றுங்கள், ஜே30 ஆர்9 என்ற பெட்ரோல் ஹோஸ் தரம் அச்சிட்டதாக.

பின்பக்கம்சொட்டு

பெல் ஹவுசிங் (என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள கூடு) அடியில் சொட்டுகிறது என்று அடுத்த கேள்வி வரும், இப்போதே சொல்கிறேன். 1489-இல் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. மரை போலச் சுருள் வெட்டி, ஓடும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும் ஏற்பாடுதான். நின்றபின் இரண்டு சொட்டு விழுவது அதன் இயல்பு. திடீரென்று அதிகமானால் சீலைத் தேடாதீர்கள், மூச்சுக் குழாயைப் பாருங்கள். முன்பக்க மூடியிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் பைப் கசடில் அடைத்துக்கொண்டால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே ஆயிலைத் தள்ளும். பக்க மூடியின் கார்க் பேக்கிங்கும் அப்போதுதான் கசியும். அந்த நட்டை இன்னும் இறுக்கினால் தகடு வளைந்து கசிவு கூடும். தகட்டைச் சமதளத்தில் தட்டி நேராக்கிப் புதுக் கார்க் போட்டு, ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து இறுக்குங்கள்.

ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் திரண்டதுபோல் இருக்கிறதா? டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்து மூடியில் மட்டும் என்றால் அது குட்டை ஓட்டத்தில் படிந்த ஈரம். டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த காபி நிறம், ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் பேக்கிங் போய்விட்டது. ஷெட்டில் நிற்கும் வண்டியை வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதுதான் இந்த ஈரத்துக்குப் பெரிய காரணம். மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். முடியாவிட்டால் தொடாமல் விடுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் ஆயிலை நிறுத்தும் முன் மாற்ற வேண்டும், எடுக்கும்போது அல்ல. பழைய ஆயிலில் உள்ள அமிலம் மாதக்கணக்கில் பேரிங்கில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஃபில்டர்வெட்டி

கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடுகிறவர்கள் பாதித் தகவலைத் தூக்கிப் போடுகிறார்கள். காகித மடிப்பை கத்தியால் வெட்டி விரித்து, பிழிந்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் ஊசித் துகள் என்றால் கேம், டேப்பட் பக்கம். ஒட்டாத, செம்பு நிறத்தில் மின்னும் பொடி என்றால் பேரிங்கின் மேல் பூச்சு போய் அடி உலோகம் வந்துவிட்டது. அந்த நிலையில் ஆயில் கிரேடை ஏற்றி ஓட்டாதீர்கள், சேம்பரை இறக்குங்கள்.

ஆயில் நிலைக்கு ஃபில்டர் பேப்பரில் சூடான ஆயில் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வையுங்கள். கருமை நடுவிலிருந்து மெல்ல வெளிறிப் பரவினால் ஆயில் இன்னும் கசடைச் சுமக்கிறது. நடுவில் கரும்பொட்டு, ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் மாற்ற வேண்டிய நேரம். நன்றாக ஓடும் வண்டிக்கு 5000 கி.மீ., ஓடாத வண்டிக்கு வருடம் ஒரு தடவை.

ஹெரால்டு948

சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்ன 20டபிள்யூ50, துத்தநாகக் கணக்கு அப்படியே பொருந்தும். டேப்பட் இடைவெளி மட்டும் 10 தவ், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது. ஆனால் ஹெரால்டில் ஆயிலைவிட முதலில் பார்க்க வேண்டியது கிராங்கின் த்ரஸ்ட் வாஷர், அதாவது கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் வாஷர். பாதி வட்டமாக இரண்டு துண்டு, பின் மெயின் பேரிங்கில். தேய்ந்தால் நழுவிச் சேம்பரில் விழும். பிறகு கிராங்க் நேராகப் பிளாக்கை அரைக்கும், பிளாக்கே போய்விடும். சிக்னலில் கிளட்சை மிதித்தே நிற்கும் பழக்கம்தான் அதைத் தின்கிறது. நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள்.

சோதனைக்கு என்ஜினை நிறுத்திவிட்டு, முன் புல்லியின் முகத்தில் டயல் கேஜ் முள்ளை வைத்து, ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லுங்கள். முள் 4 முதல் 8 தவ் வரை நகர்ந்தால் சரி. கேஜ் இல்லாமல் வெறும் கண்ணுக்கே புல்லி முன்னே வருவது தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சேம்பரைக் கழற்றுங்கள். அடுத்த அளவு தடித்த வாஷர் கிடைக்கும். ஆயில் பள்ளம் உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும்.