கோபெக்லி தெபேயில் பார்த்த அம்மி

போன மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு துருக்கி போயிருந்தேன். தென்கிழக்கில் ஷான்லியுர்ஃபா என்ற ஊரில் இரண்டு நாள் தங்கினோம். பக்கத்தில் கற்கால மனிதர்கள் கட்டிய கோபெக்லி தெபேயைப் பார்ப்பது என் பல வருஷத்து ஆசை. பெயருக்கு அர்த்தம் தொப்பை மேடு. ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்.

கூரை போட்டு, சுற்றிவர நடைபாதை அமைத்திருக்கிறார்கள். கீழே வட்டவட்டமாகக் கற்சுவர்கள், நடுவில் T வடிவத் தூண்கள். பெரியவை ஐந்தரை மீட்டர் உயரம். நரி, பன்றி, பாம்பு, கழுகு எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். கி.மு. 9500 வாக்கில் தொடங்கிய வேலை. உலோகம் இல்லை, மண்பானைகூட இல்லை. சிக்கிமுக்கிக் கல்லால்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

என்னை நிறுத்தியது ஒரு தூணில் இருந்த கைகள். பக்கவாட்டில் மடங்கி இறங்கி, முன்னால் தொப்புளுக்கு மேல் விரல்கள் நீண்டு நிற்கின்றன. கீழே இடைவார், அதில் தொங்கும் நரித்தோல். முகமே கிடையாது. ஆனாலும் அது மனித உருவம்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

1995 முதல், 2014-இல் இறக்கும்வரை, இங்கே அகழாய்வு நடத்தியவர் ஜெர்மானியரான கிளாவ்ஸ் ஷ்மிட். விவசாயம் வந்து, ஊர் உண்டாகி, அப்புறம்தான் கோயில் என்று நாம் பள்ளியில் படித்த வரிசையை அவர் புரட்டிப் போட்டார். வேட்டையாடிய மக்கள் கும்பிடக் கூடினார்கள், கூடியவர்களுக்குச் சோறு போட வேண்டியிருந்தது, அந்தத் தேவைதான் விவசாயத்துக்குத் தள்ளியது என்பது அவர் கருத்து. இன்று பயிரிடும் ஒருவகைக் கோதுமைக்கு மரபணுவில் மிக நெருங்கிய காட்டுக்கோதுமை பக்கத்துக் கராஜதாக் மலையில்தான் வளர்கிறது என்று 1997-இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த மலையின் பெயரைக் கேட்டாலே எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் அவருக்குப் பின் தோண்டியவர்கள் வீடுபோன்ற கட்டடங்களையும் மழைநீர் சேமித்த தொட்டிகளையும் அடையாளம் கண்டார்கள். கும்பிட வந்து போன இடம் மட்டுமில்லை, ஆட்கள் குடியும் இருந்திருக்கிறார்கள். தின்ற தானியமும் இறைச்சியும் மட்டும் காட்டிலிருந்து வந்தவை. விதைக்கும் முன்பே ஓரிடத்தில் தங்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

மறுநாள் ஷான்லியுர்ஃபா அருங்காட்சியகம். அங்கே அரைக்கும் கற்கள் இருந்தன. கோபெக்லி தெபேயில் இப்படி 7,000-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அம்மா நின்றுவிட்டாள்.

"இது அம்மிதானே?"

"பதினோராயிரம் வருஷத்துக் கல்லும்மா."

"இருக்கட்டும், அம்மிதான். நடுவுல எப்படித் தேஞ்சிருக்கு பாரு. வந்து போறவங்க அரைச்சா இப்படித் தேயாது. தினம் அரைச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு, குழவியைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் கண்ணாடிக்கு முன்னால் நீட்டி, மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள்.