உதவி தேவை: பழைய 1/72 நேட் கிட், வால் தரையில் உட்காருகிறது, கேனோபி வெளுத்துப் போச்சு

பழையபெட்டி:

வணக்கம். மாமா வீட்டுப் பரணை ஒழித்தபோது ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் பழைய 1/72 (அசலில் 72-ல் ஒரு பங்கு அளவு) ஃபோலண்ட் நேட் ஜெட் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று கிடைத்தது. பெட்டி கிழிசல், உள்ளே பாகங்கள் எல்லாம் சரியாக இருந்தன. 1965, 1971 போர்களில் நம் விமானப்படையில் பறந்த விமானம் என்பதால் இந்திய நிறத்தில் செய்து அலமாரியில் வைக்க ஆசை.

பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். இப்போது நான்கு சிக்கல்.

1. உடலின் இரண்டு பாதிகளையும் இறக்கையையும் ஒட்டியாயிற்று. சக்கரத்தை வைத்துப் பார்த்தால் மூக்கு மேலே போய் வால் தரையில் இடிக்கிறது.

2. கேனோபியை (காக்பிட்டின் கண்ணாடி மூடி) சூப்பர் குளூ வைத்து ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் ஒட்டினேன். மறுநாள் காலையில் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் படலம். துடைக்கவும் வழியில்லை.

3. முதுகுப் பக்கம் ஒட்டிய கோடு அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு இடத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி.

4. டீக்கால் தாள் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் குறிகள்) மஞ்சளாகிவிட்டது. தண்ணீரில் போடவே பயமாக இருக்கிறது.

புதுக் கிட் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். இதையேதான் முடிக்க வேண்டும்.

இறக்கை72:

முதலில் கேனோபியைக் கழற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஏன் என்று கடைசியில் புரியும்.

அந்த வெள்ளைப் படலம் சூப்பர் குளூவின் ஆவி. காயும்போது எழும் ஆவி, மூடிய இடத்தில் போக வழியில்லாமல் கண்ணாடியிலேயே படிந்து, காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாக உறைந்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக் கெடவில்லை, மேலே படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கழற்ற: மாடலை ஒரு ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள் (வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள்). குளிரில் சூப்பர் குளூ நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். எடுத்த உடனே ஒட்டிய புள்ளிகளில் மெல்லிய பிளேடு நுனியை வைத்து லேசாக நெம்பினால் 'டக்' என்று விடும். பிளாஸ்டிக் சிமென்ட்டால் ஒட்டியிருந்தால் இந்த வழி நடக்காது, ஏனென்றால் அது பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. நீங்கள் சூப்பர் குளூ போட்டது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாகப் போயிற்று.

படலத்தை எடுக்க பித்தளை பாலிஷை பஞ்சுக் குச்சியில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். வெள்ளை டூத்பேஸ்ட்டும் ஆகும், ஜெல் வேண்டாம். கழுவிக் காயவைத்து, தெளிவான அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷில் முக்கி எடுத்து, வழிவதை டிஷ்யூ நுனியால் உறிஞ்சி, மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். பழைய தடித்த கேனோபிகூடப் பளிச்சென்று ஆகிவிடும். திரும்ப ஒட்டும்போது வெள்ளை மரப்பசை போதும். ஆவி வராது, காய்ந்தால் தெளிவாகும், தவறினால் தண்ணீரில் கழுவிவிடலாம்.

அரைமில்லி:

வால் பிரச்சினைக்கு நான் வருகிறேன். மூன்று சக்கரத்தில் ஒன்று மூக்கில் இருக்கும் எந்த ஜெட் கிட்டிலும் உடலை மூடுவதற்கு முன் எடை போட வேண்டும். மூடியாயிற்று, பரவாயில்லை. கேனோபி கழன்றதும் காக்பிட் வழியாகவே போடலாம். முன்பக்கத் தடுப்பில், கருவிப் பலகைக்குக் கீழே, வெளியில் தெரியாத இடத்தில் ஒரு ஓட்டை போட்டால் மூக்குக்குள் வழி கிடைக்கும்.

எவ்வளவு எடை என்று கிராமில் யாரையும் கேட்காதீர்கள். பின் சக்கரங்கள் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து, அதன் மேல் மாடலை வையுங்கள். ஒட்டாத பாகங்களை டேப்பால் அதனதன் இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். காக்பிட்டின் முன்பக்கம் சின்ன எடைக் குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மூக்கு சாயும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம். பெயின்ட்டும் புட்டியும் பின்பக்கம்தான் அதிகம் ஏறும்.

எதைப் போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் சின்ன பால்ரஸ் குண்டு எடுத்த எடுப்பில் பாதுகாப்பானது. இடம் போதாவிட்டால் தூண்டில் ஈயம். ஈயத்தின் அடர்த்தி 11.3, இரும்பு 7.8-தான், அதனால் சின்ன மூக்குக்கு ஈயம் வசதி. ஆனால் ஈயத்தை வெள்ளை மரப்பசையில் குழைத்து மட்டும் உள்ளே போடவே போடாதீர்கள். அந்தப் பசையிலிருந்து மெல்ல வெளிவரும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரிக்கும். அரித்த ஈயம் வெள்ளைத் தூளாகி, கன அளவில் பெருத்து, சில வருடம் கழித்து மாடலின் மூக்கை உள்ளிருந்தே பிளந்துவிடும். வெளியில் பார்த்தால் காரணமே தெரியாது. ஈயத்துக்கு அரால்டைட் மாதிரி எபாக்ஸிதான். அதையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், மொத்தமாக ஊற்றினால் இறுகும்போது வரும் சூட்டில் மெல்லிய பிளாஸ்டிக் வளைந்துவிடும். மாடலை ஒரு டம்ளரில் மூக்கு கீழாக நிறுத்தி, எபாக்ஸி இறுகும் வரை அப்படியே விடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

தாம்பரம்_ஃபிட்டர்:

தம்பி, நான் விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மாடல் செய்வது இப்போதைய பொழுதுபோக்கு. உங்கள் ஆசைக்குக் குறுக்கே வருவதாக நினைக்க வேண்டாம். ஒட்டிய உடலில் இருக்கை ஒன்றா இரண்டா? ஏர்ஃபிக்ஸ் 1964-ல் கொண்டுவந்த நேட் இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானம், டி.1. நம் படை வாங்கியதும், நம் அரசு விமான நிறுவனம் எச்.ஏ.எல். பெங்களூரில் உரிமம் பெற்றுக் கட்டியதும் ஒற்றை இருக்கைப் போர்விமானம், எஃப்.1. டி.1 நம்மிடம் சேவையில் இருந்ததே இல்லை.

பின் இருக்கையை மூடிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. டி.1-க்கு இறக்கையே வேறு. அதன் அகலம் சுமார் 7.3 மீட்டர், எஃப்.1-க்கு 6.7 சொச்சம். 1/72-ல் 8 மில்லி வித்தியாசம், பார்த்த உடனே தெரியும். எஃப்.1-ல் ஏலரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்கள்) உடலை ஒட்டி உள்பக்கம் இருந்தன, தரையிறங்கும்போது அவையே ஃபிளாப்பாகவும் (வேகம் குறையும்போது தூக்கிப் பிடிக்கும் மடல்) கீழே சாயும். டி.1-ல் ஏலரானை வெளிப்பக்கம் கொண்டுபோய், உள்ளே தனி ஃபிளாப் வைத்தார்கள். உடல் நீளம், வால் இறக்கைகள் பெரிது. எஃப்.1-ன் காற்று வாய்களுக்குப் பக்கத்தில் 30 மி.மீ. ஏடன் பீரங்கி இரண்டு, டி.1-ல் அது கிடையாது. இவ்வளவையும் மாற்றினால் கிட்டில் மிஞ்சுவது சக்கரம்தான்.

எச்.ஏ.எல். பின்னாளில், நேட்டை மேம்படுத்திய அஜீத் விமானத்தில் இரண்டு இருக்கை வகை ஒன்றும் செய்தது. அது ஒற்றை இருக்கை அஜீத்தின் உடலை நீட்டிச் செய்தது, அதற்கும் இந்தக் கிட் உதவாது.

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நம் விமானி நிர்மல்ஜித் சிங் செகோன் எழும்பித் தனியாகச் சண்டையிட்ட நேட்டைச் செய்ய வேண்டுமென்றால், செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபியின் ஒற்றை இருக்கை நேட், அஜீத் கிட்டுகளைத் தேடுங்கள். தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனால் அசல் நேட் ஒன்றையே சுற்றிப் பார்க்கலாம். கையில் இருப்பதை அதன் பிறவிப்படியே முடியுங்கள்.

பழையபெட்டி:

இரண்டு இருக்கைதான் சார். பெட்டிப் படத்தைப் பார்த்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனாலும் தவறான விமானத்துக்கு நம் விமானப்படை வட்டச் சின்னம் போட்டு வைக்க மனசு வரவில்லை. அப்படியானால் எந்த நிறம்? டீக்கால், முதுகுக்கோடு இரண்டும் பாக்கி இருக்கிறது. இன்னொன்று, மேற்பரப்பில் பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டுபவை) புடைத்துக்கொண்டிருக்கின்றன. தேய்த்துவிட்டு ஊசியால் பள்ளமாகக் கீறினால் நவீனக் கிட் மாதிரி ஆகும் என்று காணொளிகளில் சொல்கிறார்களே?

அரைமில்லி:

கீறாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊசியால் எவ்வளவு நிதானமாகக் கீறினாலும் 0.2 மில்லி அகலம் வரும். 72-ஆல் பெருக்கினால் அசலில் 14 மில்லிக்கு மேல். பேனலுக்குப் பேனல் விரல் நுழையும் இடைவெளியோடு ஒரு ஜெட் பறக்குமா? புடைத்த கோட்டைப் பாதியளவு தேய்த்துவிட்டால் பெயின்ட்டுக்கு அடியில் லேசாகத் தெரியும், அதுவே அழகு. ஒட்டின இடத்தில் அழிந்துபோன கோடுகளை மட்டும் பென்சிலால் இழுங்கள்.

அந்த நேரத்தை இறக்கையின் பின் ஓரத்தில் செலவழியுங்கள். பழைய கிட்டுகளில் அது தடிமனாகவே இருக்கும். அரை மில்லி என்றால் அசலில் 36 மில்லி. இறக்கையை ஒட்டிவிட்டதால் அடிப்பக்கத்திலிருந்து மட்டும் 400, அப்புறம் 800 வாட்டர் பேப்பரில் தேய்த்துக் கூர்மையாக்குங்கள். மாடலைப் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலேயே 'ஏதோ நல்லா இருக்கே' என்று தோன்றும் இடம் அதுதான்.

இறக்கை72:

கீறும் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, நிதானமாகச் செய்தால் நன்றாகவே வரும். ஆனால் முதல் மாடலில் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதுகுக்கோடு: கிட்டில் மிஞ்சிய ஸ்ப்ரூவை (பாகங்கள் கோத்திருந்த பிளாஸ்டிக் சட்டம்) துண்டு துண்டாக நறுக்கி, டாமியா எக்ஸ்ட்ரா தின் என்ற பிளாஸ்டிக் சிமென்ட்டில் ஓர் இரவு ஊறவைத்தால் கூழாகும். அதை இடைவெளியில் தடவுங்கள். அதே பிளாஸ்டிக் என்பதால் தேய்க்கும்போது ஒரே கடினம், மேடு பள்ளம் வராது. முழுதாக இறுகச் சில நாள் எடுக்கும், அவசரப்பட்டுத் தேய்த்தால் பிறகு உள்வாங்கிக் கோடு திரும்பத் தெரியும். கார் பெயின்ட் கடை என்.சி. புட்டியும் போடலாம், ஆனால் மெல்லிசாக, பல தடவையாக. ஒரேயடியாகத் தடித்துப் போட்டால் அதிலிருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும்.

டீக்கால்: மஞ்சளானது அதன் மேலிருக்கும் படலம்தான். ஜிப் கவரில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் படம் வெளியே பார்க்கும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். வெயில் நமக்குப் பஞ்சமா? கொஞ்ச நாளில் மஞ்சள் வெகுவாக வெளுத்துவிடும். மழைக்காலத்தில் வேண்டாம், கவருக்குள் ஈரம் போனால் தாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தேவைப்படாத ஒரு சின்ன எண்ணை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நொறுங்கினால் மொத்தத் தாளுக்கும் கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட் அடித்துக் காயவையுங்கள். வார்னிஷ் எல்லாவற்றையும் ஒரே படலமாக்கிவிடும் என்பதால், அதன் பிறகு ஒவ்வொரு குறியையும் ஓரம் ஒட்டி வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

தாம்பரம்_ஃபிட்டர்:

நிறம் கேட்டீர்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு 1965-ல் ஆரம்பித்ததே சிவப்பு அடித்த இந்த டி.1-ல்தான். 1979 வரை அதைத்தான் ஓட்டினார்கள், அடுத்த வருடத்திலிருந்து ஹாக் விமானம். குறிகள் வருடத்துக்கு வருடம் மாறின, அதனால் எந்த வருடத்து விமானம் என்று முடிவு செய்து ஒரே ஒரு புகைப்படத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, அதற்கு முன் 1964-ல் பறந்த யெல்லோஜாக்ஸ் என்ற பிரிட்டிஷ் சாகசக் குழு, முழு மஞ்சள். அலமாரியில் நூறு சிவப்பு நேட்டுகள் உண்டு, மஞ்சள் அபூர்வம். நான் மஞ்சளைத்தான் சொல்வேன்.

காக்பிட் திறந்திருக்கும்போதே இருக்கைக்கு மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளை மெல்லிய பட்டையாக வெட்டி பெல்ட் போட்டுவிடுங்கள். மார்ட்டின் பேக்கர் (விமானியை வெளியே வீசும் இருக்கை செய்யும் கம்பெனி) ரெசின் இருக்கை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், நேட்டுக்கு ஃபோலண்ட் தானே தயாரித்த இலகு இருக்கைதான். சக்கரக் கதவுகளையும் மெல்லிசாகத் தேயுங்கள். இந்த விமானத்தில் சக்கரத்தைப் பாதி இறக்கினால் அதுவே ஏர்பிரேக் (காற்றைத் தடுத்து வேகம் குறைப்பது), ஆகவே பார்வை அங்கே போகும்.

பழையபெட்டி:

கேனோபி கழன்றுவிட்டது! கீறல் இல்லை. பாலிஷ் போட்டதில் முக்கால்வாசி தெளிந்தது. பால்ரஸ் போட்டு மூக்கும் இறங்கிவிட்டது. மஞ்சளே செய்கிறேன் சார். கடைசிக் கேள்வி: பிளாஸ்டிக் மேல் நேரடியாக மஞ்சள் ஸ்ப்ரே அடிக்கலாமா? இங்கே மழை பிடித்துவிட்டது.

இறக்கை72:

கூடாது. மஞ்சளும் சிவப்பும் அடியிலிருப்பதை மறைக்காது. சாம்பல் பிளாஸ்டிக் மேல் அடித்தால் பச்சை தட்டும். முதலில் வெள்ளை பிரைமர், மேலே மஞ்சளை மெல்லிய கோட்டுகளாக. அதற்கு முன் மாடலைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிவிடுங்கள், கை எண்ணெய் இருந்தால் பெயின்ட் டேப்போடு உரிந்து வரும்.

மழை நாளில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் இறங்குவதால் வருவது அது. மழை விட்ட நாளில் நடுப்பகலில் அடியுங்கள். அப்படியும் பூத்தால் அழிக்க வேண்டாம், காய்ந்த பிறகு ரிடார்டர் (காய்வதைத் தாமதமாக்கும் திரவம்) கலந்த தின்னரை மேலே பனி மாதிரி தூவினால் பெரும்பாலும் திரும்பித் தெளிந்துவிடும். கேனோபிக்கு மாஸ்கிங் டேப் போட மறக்காதீர்கள்.