தாழ்த்திய காரை மலைச்சரிவில் ஜாக்கி போட்டுத் தூக்குவது எப்படி?

கட்டபெட்டு வாத்தியார்:

பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன்பு வைத்திருந்தவர் ஸ்பிரிங்குகளில் ஏதோ செய்து வண்டியை இரண்டு அங்குலம் போல இறக்கியிருக்கிறார். போதாதென்று இரு பக்கமும் கதவுக்குக் கீழே அலங்காரப் பிளாஸ்டிக் பட்டை வேறு. வளைவுகளில் வண்டி சாயாமல் ஒட்டிக்கொண்டு போவதால் எனக்குப் பிடித்துவிட்டது. அதனால் 'விற்றுவிடு' என்ற யோசனையை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன்.

போன வாரம் கோத்தகிரியில் பின் டயர் பங்க்சர். டிக்கியில் இருந்த ஜாக்கியை முழுக்கச் சுருக்கியும் அடியில் நுழையவில்லை. தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நான்கு பேர் ஓடிவந்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்த இடைவெளியில் ஜாக்கியைச் செருகினேன்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் முன்சக்கர பிரேக் பேடுகளை நானே மாற்ற நினைக்கிறேன். இரண்டு டன் டிராலி ஜாக்கி ஒன்று வாங்கப் போகிறேன். வீட்டு முற்றம் சிமென்ட் தரைதான், ஆனால் சாலையை நோக்கிச் சரிவு. தாங்கலுக்கு ஹாலோ பிளாக் கல் வைத்தால் போதும் என்கிறார் மாமனார். போதுமா?

ஊட்டி டாக்ஸி:

சார், காற்று இருக்கும் வரை உங்கள் ஜாக்கி நுழைந்திருக்கும். காற்று இறங்கினால் அந்த மூலை ஆறேழு சென்டிமீட்டர் கீழே உட்கார்ந்துவிடும். இறக்கிய வண்டியில் அந்த ஆறேழுதான் எல்லாமே. சிகரெட் லைட்டரில் செருகும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள். ஆணி குத்திய டயரில் காற்றை ஏற்றினால் பத்து நிமிடமாவது தாங்கும். அதற்குள் ஜாக்கியைச் செருகிவிடலாம். பக்கச்சுவர் கிழிந்த டயருக்கு இது உதவாது. அதற்கு ஒன்றரை அங்குலப் பலகைத் துண்டு ஒன்று வேண்டும். டயருக்கு முன்னால் அதை வைத்து, முதல் கியரில் மெதுவாக ஏற்றினால் போதும்.

மலைப்பாதையில் கழற்றும்போது சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லைத் தயவுசெய்து ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பர்லியாறு பக்கம் பனிமூட்டத்தில் இப்படிக் கிடக்கும் கற்களால் இரவில் பைக்கில் வருபவர்கள்தான் விழுகிறார்கள்.

குன்னூர் பட்டறை:

நான்கு பேர் தூக்கிப் பிடித்த கதையை முதலில் மறந்துவிடுங்கள் சார். ஒருவருக்குக் கை வழுக்கியிருந்தால் உங்கள் கை வண்டிக்கு அடியில்.

எந்த ஜாக்கி வாங்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள், எந்தத் தரையில் வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. நம் மலையில் பாதி விபத்து அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. உங்கள் சரிவு முற்றத்தில் இந்த வேலை வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்து ஓரமோ கோயில் முன்றிலோ, சமமான கெட்டித் தரையாகப் பார்த்து வண்டியைக் கொண்டுபோங்கள். சாலையில் பங்க்சர் ஆனாலும் இதே விதிதான். சரிவில் நிற்பதைவிட, அகலமான சமதளம் வரும் வரை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போங்கள். டயர் பாழாகும், ஆகட்டும்.

தரை சமமாக இருந்தாலும் குனிந்து கையால் தடவிப் பாருங்கள். இங்கே ஆடி மாதத்துக்குப் பிறகு சிமென்டில் பச்சைப் பாசி மெல்லிய தோல்போலப் படிந்திருக்கும். காய்ந்திருக்கும்போது கண்ணுக்கே தெரியாது, பனி இறங்கியதும் வழுக்கும். பிரேக் பிடித்த சக்கரமே அதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டேன், கியரிலும் விட்டேன் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும், கியர் முன் சக்கரங்களை மட்டும். முன்பக்கம் ஒரே ஒரு சக்கரத்தைத் தூக்கினாலும் கியரின் பிடி போய்விடும். காற்றில் தொங்கும் சக்கரம் சுற்றிக்கொடுக்க, தரையில் இருப்பது தாராளமாக உருளும். ஆகவே முன்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைக்கும் கட்டைகளும்தான் துணை. பின்பக்கம் இரண்டையும் தூக்கினால் ஹேண்ட் பிரேக் வெறும் அலங்காரம். அப்போது முன் சக்கரங்களுக்குக் கட்டை. உருண்டைக் கல் வேண்டாம், ஆப்பு வடிவ மரக்கட்டை வேண்டும்.

இனி உயரம். சாதாரண டிராலி ஜாக்கியின் தலை, இறக்கிய நிலையிலேயே 13, 14 சென்டிமீட்டர் நிற்கும். தாழ்ந்த வண்டிகளுக்கென்று வருவது 8 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். அதோடு இரண்டு பலகைப் படிகள் செய்துகொள்ளுங்கள். டயரைவிட அகலமான, ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள பலகை கீழே, அதைவிடக் குட்டையானது மேலே. ஏறும் பக்கம் சாய்வாகச் சீவி, மறுமுனையில் சக்கரம் தாண்டாமல் ஒரு குறுக்குக் கட்டை. ஆணி அடிக்காமல் ஸ்குரூ போடுங்கள். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) சும்மா கிடைக்கிறதே என்று அதில் செய்யாதீர்கள், காயக் காய முறுக்கிப் பிளக்கும். முன் சக்கரங்கள் இரண்டையும் இதில் ஏற்றினால் வண்டி மூன்று அங்குலம் உயரும். பிறகு ஜாக்கி தாராளமாக நுழையும். ஏற்றும்போது வெளியே ஒருவர் நின்று பார்க்கட்டும்.

சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்து உலுக்கினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும்.

எங்கே வைப்பது? கதவுக்குக் கீழே ஓடும் இரும்பு விளிம்பில், ஒவ்வொரு சக்கரத்துக்கு அருகிலும் இரண்டு வெட்டுக் குறிகள் இருக்கும். அவற்றின் நடுவில்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பட்டை அதை மறைத்திருந்தால் கழற்றிவிடுங்கள், பட்டையில் ஜாக்கி பட்டால் உடைந்து வழுக்கும். விளிம்பு நசுங்காமல் இருக்க, நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர்க் கட்டை கடைகளில் கிடைக்கிறது. எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் சேம்பரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

விளிம்பில் ஜாக்கி நின்றால் தாங்கலுக்கு இடம் எங்கே என்ற சிக்கல் அடுத்து வரும். அதனால்தான் முன்பக்கத்தை நடுவிலிருந்து தூக்குகிறோம். வண்டியோடு வந்த கையேட்டில் அந்த இடம் படமாகவே இருக்கும். நடுவில் தூக்கி, இரு பக்க விளிம்புக் குறிகளிலும் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, ஜாக்கியை மெதுவாக இறக்கிப் பாரத்தை அவற்றின் மேல் உட்காரவிட வேண்டும். தூக்கும்போது டிராலி ஜாக்கி தானாகவே கொஞ்சம் உருளும். தலை வட்டமாக எழுவதால் உருண்டே ஆக வேண்டும். மண்ணில் அதன் சின்ன இரும்புச் சக்கரங்கள் புதைந்து நின்றுவிட்டால், ஜாக்கிக்குப் பதில் வண்டி நகரும். மண் தரை என்றால் அடியில் தடித்த பிளைவுட் போடுங்கள். அதன் தடிப்பும் உங்கள் இடைவெளியைத் தின்னும் என்பது நினைவிருக்கட்டும்.

மாமனாரிடம் மரியாதையோடு சொல்லுங்கள், ஹாலோ பிளாக் கூடாது. சுவரில் பாரம் பரவலாக இறங்குவதால் அது தாங்குகிறது. இரும்பு விளிம்பின் ஒரே புள்ளியில் வண்டி உட்கார்ந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் தூளாகும். கழற்றிய சக்கரத்தை விளிம்புக்கு அடியில் படுக்கப் போடுங்கள். எது தவறினாலும் வண்டி அதன்மேல் விழும், உங்கள்மேல் விழாது.

அருவங்காடு தாத்தா:

வாத்தியார் வேண்டாம் என்றாலும் சொல்கிறேன். வண்டி தயாரித்த நிறுவனம் வகுத்ததற்கு மாறாக மாற்றம் செய்வதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் குனிந்து பார்க்கப்போவது ஸ்பிரிங்கைத்தான். கோத்தகிரி வேகத்தடைகள் இந்த வண்டியை எத்தனை நாள் விட்டுவைக்கும் என்பதையும் பார்க்கத்தானே போகிறேன்.

கட்டபெட்டு வாத்தியார்:

தாத்தா, அடியில் உரசும் சத்தம் கேட்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன். பட்டறை அண்ணா, மைதானத்து ஓரம் கேட்டு வைத்துவிட்டேன். பலகையும் சொல்லியாயிற்று. ஒரே சந்தேகம்: இறக்குவதற்கென்றே செய்த ஸ்பிரிங்கா, பழையதை வெட்டியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் ஜாக்கிக்கும் சம்பந்தம் உண்டா?

குன்னூர் பட்டறை:

நிறையவே உண்டு சார். ஸ்பிரிங்கின் முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். வெட்டியது என்றால் முனை மொட்டையாக, பெயின்ட் இல்லாமல் துருப்பிடித்திருக்கும். கேஸ் வைத்து வெட்டியிருந்தால் பக்கத்துச் சுற்று நீலம் பாய்ந்திருக்கும். அந்தச் சூட்டில் எஃகின் பதம் போயிருக்கும், எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

வெட்டிய ஸ்பிரிங் குட்டையானது. வண்டியைத் தூக்கிச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது, அது உட்கார்ந்திருக்கும் குழியை விட்டு விலகிக் கையால் ஆட்டினால் ஆடும். இறக்கும்போது முனை பழைய குழியில் உட்காராமல் குறுக்கே மாட்டிக்கொண்டால், முதல் பள்ளத்திலேயே 'டங்' என்று பெயரும். ஆகவே இறக்கும் முன், தூக்கிய பக்கத்து ஸ்பிரிங்குகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பாதி இறக்கியதும் நிறுத்தி, முனை குழியில் இருக்கிறதா என்று டார்ச்சில் மறுபடி பாருங்கள். கையை உள்ளே விடாமல் வெளியிலிருந்தே பார்க்க வேண்டும்.

ஒன்று ஆடினாலும் வீட்டு வேலை அத்தோடு நிற்கட்டும், பட்டறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். காலையில் வந்தால், வண்டிக்கு அடியில் நின்று பார்க்கும் பட்டறைக் குழி காலியாக இருக்கும், ஜாக்கியே இல்லாமல் அடியில் பார்த்துவிடலாம். பேடு மாற்றியதும் பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.