7.25 போட்டேன், 7 வந்தது: டேட்டாபேஸ் மாற்றும்போது எண்களால் பட்ட பாடு

இரவுப்பணி:

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஓடிக்கொண்டிருந்த அப்ளிகேஷனை மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸிலும் ஓட வைக்கச் சொன்னார்கள். டேபிள் உருவாக்கும் ஸ்கிரிப்டை அப்படியே தூக்கிப் போட்டேன். ஒரு எரர்கூட வரவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்கணும்.

வட்டி விகிதத்துக்கான நெடுவரிசையில் 'நியூமெரிக்' என்று மட்டும் எழுதியிருந்தது. அடைப்புக்குறிக்குள் எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸில் அப்படி எழுதினால் நீங்கள் கொடுக்கும் எண்ணை அது கைவைக்காமல் வைத்துக்கொள்ளும். புள்ளிக்கு முன் 131072 இலக்கம், பின் 16383 இலக்கம் வரை தாங்கும். மைஎஸ்க்யூஎல்லில் அதே சொல்லுக்கு டெசிமல்(10,0) என்று பொருள்: மொத்தம் 10 இலக்கம், புள்ளிக்குப் பின் ஒன்றும் இல்லை. 7.25 போனது, 7 வந்தது. 12.5 போனது, 13 வந்தது. 0.45 போன இடத்தில் வெறும் 0.

தப்பான மதிப்பை ஏற்காமல் எரர் தரும் ஸ்ட்ரிக்ட் மோட் ஆனில்தான் இருந்தது. ஆனால் எண் கொள்ளாமல் போனால்தான் அது கத்தும். தசம இலக்கம் அதிகமானால் சத்தமில்லாமல் ரவுண்ட் பண்ணிவிட்டு, 1265 என்று ஒரு நோட் மட்டும் விட்டுவைக்கும். 'ஷோ வார்னிங்ஸ்' அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யார் பார்க்கிறார்கள்? நான் பார்க்கவில்லை. வட்டி அறிக்கை முழுக்க முழு எண்களாக இருப்பதை ஒருவர் கவனித்துக் கேட்டபோதுதான் தெரிந்தது.

தசமப்புள்ளி:

எஸ்க்யூஎல் சர்வரிலும் இதே வலைதான், அங்கே (18,0). அளவு சொல்லாமல் டெசிமல் எழுதிய பேட்ச் வந்தால் நான் இப்போது படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறேன். கோபக்காரன் என்று பெயர் வாங்கியாச்சு, பரவாயில்லை.

என் கதை ஆரக்கிளில் இருந்து ஆரம்பம். அடையாள எண் நெடுவரிசை 'நம்பர்', அவ்வளவுதான். அளவு குறிப்பிடாத நம்பரை ஜாவா டிரைவரிடம் விசாரித்தால் துல்லியம் (மொத்த இலக்கம்) 0, ஸ்கேல் (புள்ளிக்குப் பின் இலக்கம்) -127 என்று சொல்லும். 'அளவு கட்டப்படவில்லை' என்பதற்கான அடையாளம் அது. டேபிளைப் பார்த்து ஜாவா கோடை எழுதித் தரும் எங்கள் கோட் ஜெனரேட்டருக்கு அது புரியவில்லை. தசமம் வரலாம் என்று நினைத்து டபுள் (மிதவைப்புள்ளி எண்) என்று எழுதிவிட்டது.

சின்ன எண்கள் இருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை. வேறொரு சிஸ்டத்திலிருந்து 16 இலக்க எண்கள் வர ஆரம்பித்ததும் 9007199254740993 என்று சேமித்தது 9007199254740992 என்று திரும்பியது. கடைசி இலக்கத்தில் ஒன்று குறைவு, அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணில் வேறொரு வாடிக்கையாளர் இருந்தார். டபுளில் 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டினால் எல்லா முழு எண்ணுக்கும் இடமில்லை. காரணம் தெரியாமல் இரண்டு நாள் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) திட்டிக்கொண்டிருந்தோம், பாவம்.

இரவுப்பணி:

@தசமப்புள்ளி அந்த -127 விஷயம் எனக்குப் புதுசு. எங்கள் ஜெனரேட்டரையும் திறந்து பார்க்கிறேன், பயமாக இருக்கிறது.

கமிட்போட்டவர்:

நான் செய்தது இதைவிட மோசம். டெஸ்ட் சீக்கிரம் முடியட்டும் என்று அதற்கு மட்டும் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ், நிஜத்தில் போஸ்ட்கிரெஸ். டெஸ்ட் எல்லாம் பச்சை. எஸ்க்யூலைட்டில் டெசிமல்(10,2) என்று எழுதலாம், அது தலையாட்டும், ஆனால் அந்த 10-ஐயும் 2-ஐயும் கண்டுகொள்ளாது. முழு எண்ணையோ மிதவைப்புள்ளி எண்ணையோ வைத்துக்கொள்ளும். 'அப்புறம்' என்று எழுத்தைக் கொடுத்தால்கூட வாங்கி வைக்கும். 0.1 + 0.2 = 0.3 சரியா என்று கேட்டுப் பாருங்கள்: எஸ்க்யூலைட் 0, அதாவது இல்லை என்னும், போஸ்ட்கிரெஸ் ஆமாம் என்னும். நான் எழுதிய டெஸ்ட், நிஜத்தில் யாரும் பயன்படுத்தாத ஒரு கணக்கைத்தான் சோதித்துக்கொண்டிருந்தது. இப்போது கன்டெய்னரில் போஸ்ட்கிரெஸையே ஏற்றி ஓட்டுகிறோம். மெதுவாகத்தான் ஓடும், ஓடட்டும்.

ஜாயின்ராசா:

வகுத்தலை யாரும் சொல்லவில்லையே! 5 / 2 ஆரக்கிளில் 2.5, மைஎஸ்க்யூஎல்லில் 2.5000, போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் தசமம் வெட்டுப்பட்டு வெறும் 2. மாற்றிய மறுநாள் எங்கள் டாஷ்போர்டில் எல்லாச் சதவீதமும் 0, இல்லையென்றால் 100. முதலில் 100.0 ஆல் பெருக்கிவிட்டு வகுத்ததும் சரியானது.

பழையடிபிஏ:

எல்லாம் சரி, மாற்றியபிறகு இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? நான் ஒரு சின்ன ஜாவா புரோகிராம் எழுதினேன். ஆரக்கிளில் ஒரு வரி, போஸ்ட்கிரெஸில் அதே வரி, இரண்டையும் பிக்டெசிமலாக (ஜாவாவின் துல்லியமான தசம எண்) எடுத்து, சமமா என்று பார்க்க 'ஈக்வல்ஸ்'. ஓட்டினால் கிட்டத்தட்ட எல்லா வரியும் தப்பு என்றது. இருட்டிவிட்டது கண்.

ஒரு வரியை எடுத்து அச்சடித்தேன். இடப்பக்கம் 2.5, வலப்பக்கம் 2.50. ஆரக்கிள் கடைசிச் சுழியைச் சேமிப்பதில்லை. போஸ்ட்கிரெஸின் நியூமெரிக்(10,2) இரண்டு இலக்கம் வைத்தே தரும். பிக்டெசிமலின் 'ஈக்வல்ஸ்' ஸ்கேலையும் சேர்த்துப் பார்ப்பதால் இரண்டும் அதற்கு வேறு வேறு. மதிப்பை மட்டும் ஒப்பிடும் 'கம்பேர்டூ' போட்டு மறுபடி ஓட்டினேன். மூன்று வரிதான் மிஞ்சின.

அந்த மூன்றும் நிஜமாகவே தப்பு. பழைய நெடுவரிசைக்கு அளவே கட்டவில்லை, அதனால் என்றோ யாரோ போட்ட 4.375 உள்ளே இருந்திருக்கிறது. புது நெடுவரிசை இரண்டு இலக்கம்தான் என்பதால் வாயைத் திறக்காமல் 4.38 ஆக்கி வாங்கிக்கொண்டது. மூன்றாவது இலக்கத்தை ஏன் போட்டார்கள் என்று கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டு, ஸ்கேலை 4 ஆக்கினேன்.