30 சதவீத இடிமழை: வறள்கோடு சாருக்கு ஒரு கேள்வி, பல சண்டை

வறள்கோடு: நேற்று வேறொரு இழையில் ஒரு மகானுபாவர் எழுதியிருந்தார்: "மே மாசம், வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட், காற்றில் ஈரம் அள்ளுது. ஆனா கான்சஸ் மாநிலத்துக்கு வானிலைக்காரன் இடிமழை வாய்ப்பு 30 சதவீதம்தான் போடுறான். தப்பிக்கிற வழி." அதைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. வெயில் ஏறினால் மழை கொட்டியே ஆக வேண்டுமா? மெக்சிகோ வளைகுடா ஈரக்காற்று கீழே வரும். அதற்கு மேலே தென்மேற்கு மேட்டுநிலத்துக் காய்ந்த சூட்டுக்காற்று மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். மூடி திறக்காத வரை கீழே என்ன கொதித்தாலும் வீண். அப்புறம், 30 சதவீதம் என்றால் வட்டாரத்தில் 30 சதவீத இடத்தில் கட்டாயம் பெய்யும். அவ்வளவுதான்.

காற்றாடி77: அந்த மகானுபாவர் நான்தான். பேர் சொல்லியே திட்டலாம், பயப்படாதீங்க. போன வாரம் மூன்று நாள் 30 போட்டான், மூன்று நாளும் என் வீட்டில் பெய்தது. அப்படியானால் நான் அந்த 30 சதவீத இடத்திலேயே பட்டா போட்டுக் குடியிருக்கிறேனா?

நார்மன்பையன்: அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை இதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறது. முன்னறிவிப்புப் பகுதியில் ஏதாவது ஓர் இடத்தில், உங்கள் வாசல் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்துக்குள் 0.01 அங்குலமாவது பெய்ய எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அது. இதே 30, இங்கே ஓக்லஹோமாவின் நார்மன் ஊரில் இருக்கும் புயல் முன்னறிவிப்பு மையத்தின் வரைபடத்தில் வந்தால் பொருள் வேறு: உங்களைச் சுற்றி 25 மைலுக்குள் கடும் புயல் வரும் வாய்ப்பு. நீங்கள் இருவரும் எந்த 30-ஐப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள்?

வறள்கோடு: விளக்கம் எனக்கும் படிக்கத் தெரியும் தம்பி. நான் பேசுவது 30 பற்றி.

காற்றாடி77: அதேதான். 30-க்குப் பதில் சொல்லுங்க சார்.

அமரில்லோஅக்கா: சதவீதத்தை நம்பினவங்க கதை தெரியாதா? 2019 மே 20. ஓக்லஹோமாவுக்கு உச்ச அபாயம் என்று அறிவித்து, நகரத்துப் பள்ளிகளையே மூடினார்கள். எல்லாரும் சூறாவளிக்குப் பயந்து காத்திருந்தோம். பயந்த அளவுக்கு வந்ததா?

வறள்கோடு: முதலில் அது சூறாவளி இல்லை. சூறாவளி கடலில் பிறப்பது. இது டொர்னாடோ, இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழல். இரண்டாவது, அன்றைக்கு மங்கம் ஊர்ப் பக்கம் டொர்னாடோ இறங்கியது, பல இடத்தில் வெள்ளமும் வந்தது. ஓக்லஹோமா சிட்டியில் நடக்காததெல்லாம் நடக்கவே இல்லை என்று அர்த்தமா?

அமரில்லோஅக்கா: எங்க பாட்டி சுழன்றடிக்கிற எந்தக் காற்றையும் சூறாவளி என்றுதான் சொல்வார். தமிழ் வாத்தியார் வேலை வேண்டாம்.

வறள்கோடு: பாட்டி சொன்னால் சரி. முன்னறிவிப்பையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாமே.

அமரில்லோஅக்கா: உங்களை விட நன்றாகச் சொல்லியிருப்பார்.

மேகவேட்டை: இவர் முன்னறிவிப்பு பற்றி நான் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு, "இன்று வறள்கோட்டில் வெடிக்கும், கிளம்பு" என்று கூப்பிட்டார். அவர் பேரைச் சொல்லவில்லை, ஈரக்காற்றும் காய்ந்த காற்றும் முட்டும் எல்லைக்கோட்டைச் சொன்னார். 300 மைல். டாட்ஜ் சிட்டிக்கு மேற்கே ஒரு கேஸ் ஸ்டேஷன் வாசலில் ஐந்து மணி நேரம் நின்றோம். மேகம் காலிஃபிளவர் மாதிரி எழும்பும், உச்சி சாய்ந்து நூல் நூலாகப் பிரியும், பத்து நிமிடத்தில் கரைந்துபோகும். மறுபடி ஒன்று எழும்பும், அதுவும் கரையும். ஏழு மணிக்கு வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பெட்ரோல் காசு இன்னும் பாக்கி.

வறள்கோடு: மூடி திறக்கவில்லை. நான் மேலே எழுதியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நன்றி.

மேகவேட்டை: நன்றி இருக்கட்டும். காசு?

காற்றாடி77: திறக்காத மூடிக்கு எதற்கு 30? பூஜ்யம் போடலாமே! போன வாரம் எங்களுக்கு இடித்தது ராத்திரி 2 மணிக்கு.

நார்மன்பையன்: ராத்திரி 2 மணிக்கு வெயில் ஏது அண்ணே? 90 டிகிரி என்று ஆரம்பித்தது நீங்கள்தானே. பொழுது சாய்ந்ததும் தரைக்குச் சற்று மேலே தெற்குக் காற்று வேகமெடுத்து, ஈரத்தை வடக்கே இழுத்து வரும். மேற்கே மலைப்பக்கம் மாலையில் பிறந்த புயல்கள் அந்த ஈரத்தைத் தின்றுகொண்டே கான்சஸ், நெப்ராஸ்கா வரை ராத்திரி பயணம் செய்யும். மூடி கெட்டியாக இருக்கும் நாளிலும் நடக்கும்.

காற்றாடி77: தம்பி, நீ யார் பக்கம்?

வறள்கோடு: அவன் என் பக்கம்தான். நான் விளக்கினால் நீளும் என்று விட்டிருந்தேன். மேலும், மூடி இருக்கும் நாள்தான் ஆபத்தான நாள். மதியமே பொறுப்பில்லாமல் பெய்துவிட்டால் சக்தி தீர்ந்துபோகும். மூடி பிடித்து வைத்து மாலை 5 மணிக்கு ஒரே இடத்தில் பிய்த்துக்கொண்டால், அரை மணியில் 40,000 அடியைத் தாண்டும். என் கார் பானெட்டில் இருக்கும் பதினேழு ஆலங்கட்டிக் குழிகள் அப்படி ஒரு நாளில் விழுந்தவை. அன்றைக்கு எவ்வளவு போட்டிருந்தான் தெரியுமா? 30.

மேகவேட்டை: அந்தக் காரில்தான் நாங்கள் போனோம். குழி பதினொன்று.

வறள்கோடு: பதினேழு.

அமரில்லோஅக்கா: பதினேழில் 30 சதவீதம் எவ்வளவு சார்?

நார்மன்பையன்: இன்றைய மாலைக்கு இப்போது 40 ஆக்கிவிட்டார்கள். யாராவது பார்த்தீர்களா?

வறள்கோடு: 40 என்றால் 40 சதவீத இடம். இதற்குமேல் எளிமையாக என்னால் சொல்ல முடியாது.

காற்றாடி77: இங்கே தூற ஆரம்பித்துவிட்டது. நான் எந்த 40-ல் நிற்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், துணி எடுக்கப் போகணும்.