அவர் வரமாட்டேங்கிறார், நான் மட்டும் போகலாமா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

உட்லண்ட்ஸ் அக்கா:

போன வாரம் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "வீட்டுக்காரர் குடிக்கிறார். ஆலோசனைக்குக் கூப்பிட்டால், எனக்கென்ன பைத்தியமா என்கிறார். அவர் வராமல் நான் மட்டும் போய் என்ன ஆகப்போகிறது?" அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தனியாகத்தான் போனேன்.

என் வீட்டுக்காரர் இங்கே சிங்கப்பூரில், துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். நல்ல உழைப்பாளி. காப்பிக்கடையில் பீர் என்று ஆரம்பித்தது, அப்புறம் வீட்டிலேயே விஸ்கி. 2015 ஏப்ரலிலிருந்து இரவு பத்தரைக்கு மேல் கடையில் மது விற்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அவர் பத்து மணிக்கே கீழே இறங்கி வாங்கிவந்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்துவிடுவார்.

ஆனால் வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு விரதம் இருப்பார். ஒரு சொட்டு தொடமாட்டார். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி எடுப்பார். "பாரு, நினைச்சா நிறுத்திடுறான். நீதான் பெருசு பண்றே" என்று சொந்தக்காரர்கள் என்னைத்தான் சொல்வார்கள். காவடி இறக்கிய மறுநாளே பழையபடி ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் புளோக்கிலிருந்து நடக்கிற தூரத்தில் குடும்ப சேவை நிலையம் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் ஆலோசகர் கிடைத்தார். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்துப் போனேன். ஆனால் போன வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை வரை வீட்டில் என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார். யார் கதவைத் திறந்தது, நான் முதலில் என்ன சொன்னேன், மகள் எந்த அறையில் இருந்தாள், சாப்பாட்டை யார் எடுத்து வைத்தது. சொல்லச் சொல்ல ஆலோசகர் தாளில் எழுதிக்கொண்டே வந்தார். படித்துப் பார்த்தால், வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்ததும் நான் பேச ஆரம்பித்த அரை மணி நேரத்தில்தான் எல்லாச் சண்டையும் நடந்திருக்கிறது. அவர் தெளிவாக இருந்த சனிக்கிழமைக் காலையில் வீட்டில் யாரும் யாரோடும் பேசவே இல்லை.

அதை மாற்றுவதுதான் முதல் வேலையாக இருந்தது. குடித்திருக்கும்போது வாக்குவாதம் இல்லை, சொல்ல வேண்டியதைக் காலையில் காப்பி கொடுக்கும்போது சொல்வது, குடிக்காமல் வருகிற நாளில் முகம் கொடுத்துப் பேசுவது. எழுதும்போது எளிதாக இருக்கிறது. செய்யும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

இன்னொன்று, திங்கட்கிழமை அவரால் எழுந்திருக்க முடியாதபோது சூப்பர்வைசருக்கு "காய்ச்சல்" என்று மெசேஜ் போடுவது என் வேலையாக இருந்தது. அதை அவரிடமே விட்டுவிடுங்கள் என்றார் ஆலோசகர். வேலை போய்விடுமோ என்று வயிற்றைக் கலக்கியது. இருந்தாலும் ஒரு திங்கட்கிழமை போனை அவர் கையில் கொடுத்துவிட்டு மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மாமியார் சொன்னார்கள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

விரதத்தைப் பற்றியும் ஆலோசகர் கேட்டார். சொந்தக்காரர்கள் மாதிரி இல்லை. "விரத நாள்ல அவருக்கு என்னென்ன துணையா இருந்துச்சு?" என்றார். யோசித்துப் பார்த்தேன். சாயங்காலம் பஜனைக் குழு, கூடவே விரதம் இருக்கிற நண்பர்கள், குடிக்கிற கூட்டாளிகள் யாரும் கூப்பிடாதது, வீட்டில் எல்லோரும் ஒரே சாப்பாடு. மற்ற மாதங்களில் இதில் ஒன்றுகூட அவருக்குக் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் கோயில் தொண்டூழியம் என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது.

பல மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமைக் காலையில் அவராகவே கேட்டார்: "நீ போய்ப் பேசுறியே, அந்த ஆளு என்னைத் திட்டுவாரா?" அடுத்த தடவை இருவரும் போனோம். பிறகு புவாங்கோக்கில் மனநலக் கழகத்தில் இருக்கிற தேசிய போதைப் பழக்க நிர்வாகச் சேவையில் சிகிச்சை. இன்னமும் நடுவில் சறுக்கல்கள் உண்டு. ஆனால் இப்போது நான் இரவில் தூங்குகிறேன், மகள் தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வருகிறாள்.

பிடோக் தம்பி:

அக்கா எழுதினதைப் படிச்சிட்டு எனக்கும் எழுதணும்னு தோணுச்சு. எங்க வீட்டுல குடி இல்ல, போதைப்பொருள். என் அண்ணன். அவரு போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்துக்குப் போனப்ப, கப்பல்ல வேலைக்குப் போயிட்டான்னு அம்மா எல்லாருகிட்டயும் சொன்னாங்க. தீபாவளிக்கு வந்தவங்க எந்தக் கப்பல், எந்த ஊருன்னு கேட்டா அடுப்பை அணைக்கணும்னு சொல்லி உள்ள போயிடுவாங்க. அங்க அடுப்பு எரிஞ்சிருக்கவே இருக்காது.

குடிக்கும் இதுக்கும் சட்டத்துல வித்தியாசம் இருக்கு. போதைப்பொருளுக்கு அடிமையானவர்னு டாக்டருக்குத் தெரிஞ்சா, அவர் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குச் சொல்லியாகணும். அந்தப் பயத்துலயே குடும்பங்கள் வாயைத் திறக்கிறதில்ல. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறினதே அப்படித்தான்.

எனக்கு எல்லாத்தையும்விட கஷ்டமா இருந்தது அண்ணன் வெளிய வந்த பிறகு. 2019ல சட்டம் மாறினதிலேர்ந்து வெளிய வந்ததும் அஞ்சு வருஷம் வரைக்கும் கண்காணிப்புல வைக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போய்வரணும். அது போதாதுன்னு வீட்டுலயும் ஒரு போலீஸ் நிலையம். அண்ணன் பாத்ரூம்ல கொஞ்சம் கூடுதலா இருந்தா அம்மா கதவைத் தட்டுவாங்க. சட்டைப் பையைத் துழாவுவாங்க. அவர் எதுவும் பேச மாட்டார், காலணியை மாட்டிக்கிட்டு கீழ்த்தளத்துல போய் உட்கார்ந்துடுவார்.

அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவங்க சொன்னது இதுதான்: "பரிசோதனை பண்ண ஆள் இருக்காங்கம்மா. நீங்க அவருக்கு அம்மாவா மட்டும் இருங்க." அம்மா அங்கேயே அழுதுட்டாங்க. அதுக்கப்புறம் வீட்டுக்குன்னு சில ஒப்பந்தம் போட்டோம். பழைய கூட்டாளிங்க கூப்பிட்டா அண்ணனே எங்ககிட்ட சொல்லிடணும், நாங்க அதுக்குக் கோபப்படக் கூடாது. இதுல ரெண்டாவதுதான் எங்களுக்குச் சிரமமா இருந்துச்சு.

எல்லாருக்கும் வீடு சரிப்படாது. அண்ணன்கூட இருந்த ஒருத்தருக்கு வீட்டுலயே போதைப்பொருள் புழக்கம். அவர் இந்து அறக்கட்டளை வாரியம் நடத்துற ஆசிரமம் மறுவாழ்வு இல்லத்துல தங்கித்தான் வேலைக்குப் போனார். குடும்பத்துக்கு அதுவும் ஒரு வழின்னு தெரியணும். போதைப்பொருளுக்கு எதிரான சங்கம் சானா 1972லேர்ந்து இருக்கு, இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் சிண்டா இருக்கு. ரெண்டு இடத்துலயும் குடும்பத்தோட பேசுவாங்க.

ஓய்வு பெற்ற தாதி:

உட்லண்ட்ஸ் சகோதரி விரதத்தைப் பற்றி எழுதியதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர், காலையிலேயே ஒரு மடக்கு இல்லாமல் கை நிற்காதவர், தயவுசெய்து மாலை போட்டுக்கொண்டு திடீரென்று நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலர் இல்லாத ஆட்களோடு பேசுவார்கள், இடம் தெரியாமல் பிதற்றுவார்கள். இதில் உயிரே போகலாம். சாமி வந்திருக்கிறது என்று திருநீறு பூசி உட்காரவைத்து, மிகவும் தாமதமாகக் கொண்டுவந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். இந்த அறிகுறிகளைக் கண்டால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995. விரதம் இருக்கட்டும், முதலில் டாக்டரைப் பார்த்து மருந்தோடு நிறுத்தட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தத் தங்கையின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. குடிப்பவர் வராதபோது குடும்பத்தாருக்கு மட்டும் பயிற்சி கொடுக்கும் "கிராஃப்ட்" என்ற முறை அமெரிக்காவில் உருவானது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தினர் வீட்டில், அதுவரை மறுத்துவந்தவர் சிகிச்சைக்கு வந்திருக்கிறார். சகோதரி செய்த பலவும் அந்த முறையில் உள்ளவைதான்.

தோ பாயோ வாசகி:

அடி விழுகிற வீட்டுக்கு மேலே சொன்ன பொறுமையெல்லாம் பொருந்தாது. காலையில் காப்பியோடு பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஆபத்து என்றால் போலீஸுக்கு 999. வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அடிக்கக் கூடாது என்று தடுக்கும் தனிப்பட்ட பாதுகாப்பு ஆணைக்குக் குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். என் அக்கா விண்ணப்பித்தார். ஆணை வந்த பிறகுதான் அத்தான் ஆலோசனைக்கே போனார். குடும்ப மானம் போச்சு என்று பேசிய பெரியவர்கள் எவரும் அக்காவின் நெற்றித் தையலைப் பார்க்க மருத்துவமனைக்கு வரவில்லை.

கேள்வி கேட்ட தங்கை:

எல்லோருக்கும் நன்றி. அழுதுகொண்டே படித்தேன். அக்கா, எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. சின்னவனைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. முதலில் எங்கே கூப்பிடுவது?

உட்லண்ட்ஸ் அக்கா:

தங்கச்சி, உங்கள் வட்டாரக் குடும்ப சேவை நிலையத்துக்குப் போன் போட்டு, தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே இல்லையென்றால் சிண்டாவைக் கேளுங்கள். போதைப் பழக்கத்துக்கென்று தனி எண் 6732 6837, குடும்பத்தாரும் கூப்பிடலாம். சின்னவனைக் கூட்டிக்கொண்டே போங்கள். நான் போன இடத்தில் மகளுக்கு வண்ணப் பென்சிலும் தாளும் கொடுத்துப் பக்கத்து அறையில் உட்காரவைத்தார்கள். உங்களுக்கு வரும் வியாழக்கிழமை தோதுப்பட்டால் சொல்லுங்கள், அன்றைக்கு எனக்கு விடுமுறை. நான் கூட வருகிறேன்.